ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்தாத பாடம்

மே மாதக் கடைசியில் பாடக்குறிப்பு எழுத உட்காருவதைப் போல ஒரு தண்டனை வாத்தியார் வேலையில் வேறு கிடையாது. பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிய நோட்டில் நோக்கம், உபகரணம், கரும்பலகைச் சுருக்கம் என்று கட்டம் போட வேண்டும். சங்கரன்கோவில் வெயிலில் கை வியர்த்து மை கலைந்துவிடும். பாதிப் பேர் அப்படியே காப்பி அடிப்பார்கள். நானும்தான். எனக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது!

பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். அன்றைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டே இனப்பெருக்கப் பாடத்துக்கு வந்திருந்தேன். ஐந்து வருஷமாக அந்தப் பாடத்துக்கு அழகாகக் குறிப்பு எழுதி, எச்.எம்.மிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். வகுப்பில் மட்டும் நடத்த மாட்டேன். "இத வீட்ல வாசிச்சுக்கிடுங்க" என்று சொல்லிப் பக்கங்களைத் தள்ளிவிடுவேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும். எனக்கும் வெட்கம். மானம் போகாமல் பீரியட் முடிந்தால் போதும் என்றிருக்கும்.

ஆறாவது தடவையாக அதை எழுதிக்கொண்டிருந்தபோது, தறி நெய்கிற ஓர் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் மகள் என் வகுப்புதான். முழுப்பரீட்சைக்கு வராமலே போனவள்.

"டீச்சர், பிள்ள பெரியவளாயிட்டா," என்றாள். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டிய சேதியை அழுதுகொண்டே சொன்னாள். "எங்ககிட்ட மூச்சு விடல. ஏதோ சீக்குன்னு நெனைச்சி, மூணு நாளு கோயிலுக்குப் போயி, தீந்துரும்னு புத்துமண்ணு தின்னுருக்கா. தீட்டோட, டீச்சர்! அவ அப்பாவுக்குத் தெரிஞ்சு அடிச்ச அடி கொஞ்சநஞ்சமில்ல. அம்மன் கோவிச்சிட்டான்னு ஒரு மாசமா மூலையிலயே கெடக்கா. பேசவே மாட்டேங்கா. நீங்க சொன்னா கேப்பா."

"நீங்க அவகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கப்பிடாதா?" என்று எரிந்து விழுந்தேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

"எனக்கு எங்கம்மா சொன்னாளா டீச்சர்? பள்ளிக்கூடத்துல நீங்க சொல்லுவியன்னு இருந்துட்டேன்."

நோட்டை மூடிவைத்துவிட்டு அவளோடு நடந்தேன். வழியெல்லாம் என் மேலேயே எனக்கு ஆத்திரம். இது நோய் இல்லை, பாவம் இல்லை, தப்பு என்னுடையது. இந்த மூன்றையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர்கள் வீட்டுத் தறிக்குப் பின்னால், சாக்கு விரிப்பில் சுவரைப் பார்த்து அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது சீக்கு இல்லட்டி. எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்துச்சு. இதுக்கெல்லாம் அம்மன் கோவிக்க மாட்டா," என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். "நம்ம புஸ்தகத்துல இருக்குல்லா டீச்சர்? நீங்க வீட்ல வாசிக்கச் சொன்னிய. நான்தான் வெக்கப்பட்டு வாசிக்கல. எம்மேலதான் தப்பு."

பதறிப்போய் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அப்பா உள்ளே வந்து, "வாங்க டீச்சர்" என்று கும்பிட்டார். "இவ இனிமே பள்ளிக்கூடம் வரமாட்டா. பேர எடுத்துருங்க."

"சரி" என்றேன்.

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியாமல், "நல்லாப் படிம்மா" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.