பூப்போட்ட உறை

பிளாஸ்மா ஏற்றும் பிள்ளைகளைப் பார்க்க நேர்ஸ்மாரைப் பழக்கும் வேலை திருகோணமலை ஆஸ்பத்திரியில் என்னிடம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தீக்காயத்தோடு வரும் பிள்ளைகளுக்கு இரத்தத்தின் மஞ்சள் நீரைப் போத்தலில் தொங்கவிட்டு, கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். சொட்டு எண்ணவும் நாடி பார்க்கவும் யாரும் படிப்பிக்கலாம். நான் புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். ஊசியைக் கண்டால் பிள்ளைகள் பிடுங்கி எறிவார்கள் என்று, கையைத் தோள்வரை மூடப் பூப்போட்ட சீத்தைத் துணியில் உறை தைத்தேன்.

"உறையைப் போட்டுவிடுங்கோ. இடையில கழட்டக்கூடாது. கையைக் காணாட்டிப் பிள்ளை பயப்படாது," என்பேன். பெரிய டொக்டரும் மெச்சினார்.

ஒருநாள் காலை சல்லிக் கிராமத்திலிருந்து நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்தது. குப்பி விளக்குச் சரிந்து கால்கள் வெந்திருந்தன. பக்கத்தில் என் வகுப்பின் கெட்டிக்காரியான மூதூர் மாணவியை இருத்தினேன். உறை போட்டதும் அழுகை அடங்கிவிட்டது. நான் மற்ற மாணவிகளைக் கூட்டிவந்து, "பாத்தீங்களே, எவ்வளவு அமைதி," என்று காட்டிவிட்டுப் போனேன்.

பிளாஸ்மா அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உறைக்குள்ளே கை தடித்துச் சிவந்துகொண்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை. உதடு வீங்கி மூச்சு இழுத்த பிறகுதான் மூதூர்க்காரி கண்டாள். உடனே சொட்டை நிறுத்தினாள், டொக்டரும் ஓடிவந்தார். பிள்ளை தப்பவில்லை.

விசாரணையில், "ஏன் கையைப் பாக்கேல்லை?" என்று கேட்டவர் உறையை மெச்சிய அதே டொக்டர். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "பிழை என்னிலதான்," என்றாள். நான் வாய் திறக்கவில்லை. அவளை வேலையால் நிற்பாட்டினார்கள்.

அடுத்த வகுப்பிலிருந்து, "கை வெளியில இருக்கவேணும், அழுதா அழட்டும்," என்று படிப்பித்தேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய் ஆயத்தமாக வைத்திருந்தேன். ஆனால் அமைதியாகக் கிடக்கும் பிள்ளையைக் கண்டால் இன்றும் அதன் கையைத் தேடுவேன். உப்புவெளி பஸ்ஸில் தாயின் மடியில் சேலையால் மூடித் தூங்கிய பிள்ளையின் கையை என்னை மறந்து வெளியே இழுத்திருக்கிறேன். தாய் பேசிய பேச்சு எனக்கு வேண்டியதுதான்.

ஆறேழு வருடம் கழித்து, அவளிடம் மன்னிப்புக் கேட்கவென்று லாஞ்சில் கடல் கடந்து மூதூர் போனேன். அவள் கதிரை தந்தாள், தேத்தண்ணி தந்தாள். நான் தொடங்க முன்னரே அவள் கதைத்தாள்.

"அந்தப் பிள்ளை, 'கை கடிக்குது, சொறிஞ்சுவிடுங்கோ' எண்டு சொன்னது, சிஸ்டர். நான் உறையைக் கழட்டப் போனனான். அந்த நேரம்தான் நீங்க எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தீங்க. உறையில வைச்ச என்ர கையை எடுத்திட்டன்."