பேருந்தில் கிடைத்த பங்காளி

ராசிபுரத்தில் ஏறியவர் மடியில் நெய் டப்பாவை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேருந்து குலுங்கும்போதெல்லாம் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டார். நான் என் மகனோடு போனில் தெலுங்கில் பேசி முடித்ததும் திரும்பினார்.

"ஏனுங்க, ஊட்ல தெலுங்குங்களா? பையனுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

"பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோமுங்க."

அவர் முகம் மலர்ந்தது. அவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகளாம். பேசப் பேச எல்லாம் பொருந்தி வந்தது.

"உங்க ஊட்டுப்பேரு என்னங்க?"

இங்கே எங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்துதான் நிற்கும். பரம்பரை வீட்டுப்பேர் கல்யாணப் பேச்சில் மட்டும் வெளியே வரும். ஒரே வீட்டுப்பேர் என்றால் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை.

"மிரியாலா" என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாங்களும் அதேதானுங்க. முன்னோருங்க மிளகு வித்ததால வந்த பேராமா. ஆந்திராவுல தெருவுக்குத் தெரு இருக்காங்களாம். இந்தப் பக்கம் எங்க ஊடு ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன். சம்பந்தி ஆகலாம்னு பாத்தா பங்காளி ஆயிட்டீங்களே."

உடனே மனைவியைப் போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளை அமையல. ஆனா பாப்பாவுக்கு ஒரு பெரியப்பா கெடச்சிருக்காரு."

போனை என் காதில் வைத்தார். "பெரியப்பா, ஊட்டுக்கு வாங்க" என்றது ஒரு பெண்குரல். வருகிறேன் என்றேன்.

புதுச்சத்திரத்தில் அவர் இறங்கிக் கையசைத்தார். பேருந்து கிளம்பிய பிறகுதான், என் தம்பியின் பெயரை நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.