முள்ளில் காய்ந்த சந்தனம்

காட்டுமன்னார்கோயிலில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "மணி அண்ணன் போயிட்டாரு சார். காலைல நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்" என்றார் பள்ளி கிளார்க். பாதி இலையில் எழுந்தேன். பஸ் மாறிக் கடலூர் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பள்ளியில் வேலை பார்த்த எல்லோருக்கும் செல்வமணியைத் தெரியும். இயற்பியல் ஆய்வக உதவியாளர். நான் இயற்பியல் ஆசிரியர். ஒரே வயதுதான், ஆனாலும் 'சார்' என்பதை அவர் விட்டதில்லை. மீனவக் குடும்பம். "முடிச்ச கட்றது யாரு வேணா கட்லாம் சார். அவுர வேண்டிய நேரத்துல அவுரணும், அதான் வேல" என்பார்.

2008 ஆண்டு விழாவுக்கு ராக்கெட் விடலாம் என்றது நான். அதன் முதுகில் ஒரு கிளைடரை ஏற்றலாம் என்றது அவர். உச்சிக்குப் போனதும் கிளைடர் கழன்று, தனியாக வட்டமடித்து இறங்க வேண்டும். அட்டைக் குழாயும் தெர்மாகோல் இறக்கையுமாக இரண்டு மாதம் ஆய்வகம் முழுக்கப் பசை நாற்றம். கொக்கிக்கு வீட்டிலிருந்து ஒரு தூண்டில் முள்ளைக் கொண்டுவந்து, முனையை மழுக்கி, விரல் பட்டாலே விடுபடும்படி வளைத்திருந்தார். எத்தனையோ முறை சோதித்தோம்; ஒருமுறையும் சிக்கவில்லை. "லேப்ல கண்ணாடி கழுவுறவன்னு சொல்ற வாயெல்லாம் அன்னிக்கி மூடணும் சார்" என்றார்.

விழாவன்று காலையில், புது வண்டிக்கு வைப்பதுபோல், ராக்கெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பொட்டுக்குத் தோதாக எனக்குப் பட்டது, கிளைடரும் ராக்கெட்டும் சேரும் இடம். கெட்டியாகவே அப்பினேன். சிறப்பு விருந்தினர் வரும்வரை இரண்டு மணி நேரம் அது வெயிலில் நின்றது.

நேராகத்தான் போனது. மேலே, கிளைடரைத் தள்ளிவிட வைத்த மருந்து வெடித்துப் புகை வந்தது, கிளைடர் கழலவில்லை. இரண்டும் ஒன்றாக மைதானத்தில் வந்து குத்தின. முதலில் ஓடி எடுத்தவன் நான். முள் காய்ந்த சந்தனத்தில் இறுகியிருந்தது. யாரும் வருவதற்குள் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

"வல பின்றவன்கிட்ட ராக்கெட்ட குடுத்தா இப்டித்தான்" என்றார் ஒருவர். மேடையே சிரித்தது. மணி முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரிடம், "கொக்கி என்னுது சார். வளைச்சது சரியில்ல" என்றார். நான் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தேன்.

அதோடு ராக்கெட் வேலை நின்றது, கேலி நிற்கவில்லை. எதைப் பழுதுபார்க்க எடுத்தாலும், "மணி, இதாவது கழலுமா?" என்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாது.

பதினாறாம் நாள் காரியத்தில், அவர் படத்துக்குப் பொட்டு வைக்கச் சொல்லிச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். கை போகவில்லை. அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். அவர் உள்ளே போய் ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் அந்த முள். வளைவில் நான் துடைக்காமல் விட்ட சந்தனத்தின் மஞ்சள்.

"அவங்க அன்னிக்கே மோந்து பாத்துட்டாங்க சார். 'நல்லதுக்குத்தான் வெச்சாரு, கேட்டா மனசு ஒடஞ்சிடுவாரு, நீயும் கேக்காத'ன்னாங்க."

அன்று சிரித்த உங்களில் பலர் இதைப் படிப்பீர்கள். மணியின் கொக்கி சரியாகத்தான் இருந்தது, கெடுத்தவன் நான். அதன்பின் அவர் உயிரோடு இருந்த நான்கு வருடமும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் மனைவி தந்த முள் இப்போது சிதம்பரத்தில் என் வீட்டு மேசைமேல் இருக்கிறது. இந்த முறை நான் அதைத் துடைக்கவில்லை.