மூன்றாம் கூண்டுச் சில்லறை அண்ணன்

"மீதி எங்கம்மா? பின்னாடி பத்து வண்டி நிக்குது, சீக்கிரம் குடும்மா!" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கத்துகிறார் சில்லறை அண்ணன். அவருக்குப் பின்னால் நிற்பது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான். ஜன்னலுக்கு உள்ளே, மேசையை ஒட்டிய நாற்காலியில் அவர் மனைவி. மனைவியின் வலது கை மெல்ல நகர்ந்து தட்டிலிருந்து ஒரு நாணயத்தைக் கிள்ளுகிறது. நழுவுகிறது. மறுபடி கிள்ளுகிறது. அண்ணன் உதவ மாட்டார், அது அந்த வீட்டுச் சட்டம். கம்பிக்கு வெளியே நீட்டிய உள்ளங்கையில் நாணயம் விழுந்த பிறகு, வாயாலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வருவார், வேறு ஆளாக.

ஒரு காலைக்கு நாற்பது வண்டிகள். லாரிக்காரர் எரிந்து விழுவார். புதுக் கார்க்காரர் பெரிய நோட்டை நீட்டிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே இருப்பார். பஸ் டிரைவர் மட்டும், "என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு? வீட்டுக்காரரோட சண்டையா?" என்று வம்பிழுப்பார். அதற்கு மனைவி சிரிப்பார். மூன்று வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் விட்டுவைத்த பாதி வாயால்தான் சிரிப்பு, ஆனாலும் முழுச் சிரிப்பு.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில், மூன்றாம் கூண்டில், பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவர் அண்ணன். எந்த நேரத்திலும் அவரிடம் மட்டும் சில்லறை இருக்கும் என்பதால் வந்த பெயர். கூண்டுக்குள் ஒரு முக்காலி, ஒரு மின்விசிறி, கால் நீட்ட முடியாத இடம். வெயிலில் நீட்டி நீட்டி வலது கை இன்றைக்கும் இடது கையைவிட இரண்டு மடங்கு கறுப்பு. இரண்டு கையையும் சேர்த்து வைத்துக் காட்டுவதில் அவருக்குத் தனிப் பெருமை.

அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. "முகமெல்லாம் எவன் பாத்தான்? கைதான். கையைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன். ஒரு டாக்டரம்மா கை, எப்பவும் சோப்பு வாசனை. ஒரு மெக்கானிக் கை, கழுவினாலும் போகாத கிரீஸ். ஒருத்தர் விரல்ல ஒருநாள் மோதிரத்தக் காணோம், வெள்ளையா அச்சு மட்டும் இருக்கு. வித்துட்டாரோ, பிரிஞ்சுட்டாரோ. அன்னிக்கு ரசீதோட சேத்து 'பாத்துப் போங்க சார்'னேன். அவரும் சரின்னாரு. அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று சொன்ன பிறகும் சற்று நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்கள் போனதில் அவருக்கு ஏக்கம்தான். அதை மறைக்கிற ஆளும் இல்லை அவர்.

பிறகு கேமராக்கள் வந்தன. வண்டி நிற்க வேண்டாம், நம்பர் பலகையை அவையே படித்துக்கொள்ளும். ஒரு திங்கட்கிழமை எட்டுக் கூண்டுகளையும் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். அந்த லாரியிடம் கட்டணம் வாங்க ஆளில்லையே என்பதுதான் அவரது முதல் கவலை. மெஷின்மேல் கோபமில்லை. பத்து வருட இருமல் நின்றதே கூண்டு போன பிறகுதான் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

கிடைத்தது கிடங்கில் காவல் வேலை, தினம் பன்னிரண்டு மணி நேரம். அப்போதுதான் மனைவி விழுந்தார். கைக்குத் தினமும் பயிற்சி கொடுக்காவிட்டால் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும் என்றார் மருத்துவர். வேலைக்குப் போனால் பயிற்சி இல்லை, போகாவிட்டால் சோறு இல்லை. ஒரு வருடத்தில் அந்தக் கை முஷ்டியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் நகராட்சி ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. வேலை உண்டா இல்லையா என்று கேட்காமல், வயது வந்த எல்லாருக்கும் மாதா மாதம் ஒரே தொகை. இரண்டு பேர் பணமும் சேர்ந்தால் வாடகையும் அடுப்பும் தாங்கும். அண்ணன் காவல் உடுப்பைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாளே வீட்டு ஜன்னல் கூண்டானது, சில்லறைத் தட்டு மனைவியின் விரல்களுக்குப் பயிற்சியானது.

"சும்மா காசு குடுத்தா மனுஷன் சோம்பேறியாயிடுவான் மச்சான்" என்பார் மனைவியின் தம்பி, இரும்புக்கடைக்காரர்.

"நீயும்தானே வாங்குறே. ஞாயித்துக்கிழமைகூடக் கடையத் தொறக்குறே. எங்கே உன் சோம்பேறித்தனம்?" என்று மடக்குவார் அண்ணன். "ரோட்டுல வண்டி குறையல, வசூலும் குறையல. ஆளுங்கதான் குறைஞ்சோம். எங்க சம்பளத்தை அந்தக் கேமராவா சாப்பிடுது? மிச்சம் எங்கியோ போகுதில்ல? அதுல கொஞ்சம் எல்லார் வீட்டுக்கும் வரட்டுமே."

இந்த மாதத்தோடு திட்டத்துக்கு இரண்டு வருடம். நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். நிறுத்தினால் மறுபடி கிடங்கு, மறுபடி முஷ்டி. இன்று காலை அண்ணன் இருபத்தேழாவது வண்டியாக ஜன்னலில் நிற்கும்போதே கணக்கெடுக்கும் பெண் வந்துவிட்டாள். ஜன்னலோர மேசையில் படிவத்தை விரித்தாள்.

"இப்போ என்ன வேலை பாக்குறீங்க சார்?"

"வேலைன்னா மூணாம் கூண்டு. அது போயிடுச்சு."

இரும்புக்கடையில் பகுதி நேர வேலை என்று எழுதச் சொல்லி மைத்துனர் நேற்றே கடைச் சீலோடு வந்து கெஞ்சினார். பத்தொன்பது வருடத்தில் ஒரு பொய் ரசீது கிழிக்காதவர் அண்ணன். "வேலை இல்லைன்னே போட்டுக்கம்மா."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "நிறுத்தச் சொல்றவங்க அதைத்தான் சார் தேடுறாங்க. இந்தக் காசு வந்ததும் வேலைய விட்டவங்க எத்தனை பேருன்னு."

"தெரியும்மா. அதுக்காக இல்லாததை எழுதச் சொல்றியா?"

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். மனைவி இடது கையால் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வலது கையைப் பேனாவை நோக்கி நகர்த்தினார். பேனா உருண்டது. எடுத்துக் கொடுக்கப் போன பெண்ணை, "இரும்மா" என்று அண்ணன் தடுத்தார். இரண்டாவது தடவையும் நழுவியது. மூன்றாவது தடவை கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பேனா நின்றது. கணவரின் பெயருக்கு நேரே, 'வேலை செய்கிறார்' என்ற கட்டத்தில் டிக் போட அவர் ஒரு கோடு இழுத்தார். கோடு கட்டத்தைத் தாண்டி, காகிதத்தையும் தாண்டி, மேசை வரைக்கும் போனது.