பெரிலின் இடத்தில் ஒரு சிலை

ஸ்கெல்டர்பி சந்தையில் ஜட்டி வாங்காமல் வளர்ந்தவர்கள் யார்க்‌ஷயரின் இந்த மூலையில் இல்லை. அதாவது, பெரில் ஓல்ட்ராய்டைத் தெரியாதவர்கள் இல்லை. மணிக்கூண்டுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவள் கடை: நான்கு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு மேசை. ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள், அதுவும் சந்தைக்கே கேட்கும்படி. பாதிரியார்கூடத் தப்பியதில்லை.

சந்தையின் பெருமைக்குச் சிலை வைக்க நகரமன்றம் ஒரு கமிட்டி போட்டது. தலைவர் கிளைவ் பெம்பர்டன், முட்டைக்கோஸைக்கூட சூப்பர்மார்க்கெட்டில் வாங்கும் சந்தை அபிமானி. நூலகத்தில் பெரிய வரைபடம் மாட்டி, "சந்தையின் இதயம் எது? பச்சை வட்டம் ஒட்டுங்கள்" என்று எழுதிவைத்தார்கள். பெரில் அதைக் கடைக்கு விழும் ஓட்டு என்று நினைத்துவிட்டாள். வாடிக்கைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய்த் தன் இடத்தின் மேலேயே ஒட்டவைத்தாள். அம்மை போட்டது மாதிரி அங்கே பச்சை அப்பிக் கிடந்தது.

அதனால் சிலை அங்கேதான் என்று முடிவானது. பெரிலுக்குக் கழிப்பறைக்குப் பின்னால் இடம் ஒதுக்கினார்கள். ஆறுதலுக்கு, சிலைக்கு மாதிரியாக நிற்க அவளையே கூப்பிட்டார்கள்.

"கையில எதுக்கு ஆப்பிள் கூடை? நான் விக்கிறது ஜட்டி, கண்ணு."

"ஜட்டியில பாரம்பரியம் எடுபடாதுங்க, மிஸஸ் ஓல்ட்ராய்டு" என்றார் பெம்பர்டன்.

கழிப்பறைக்குப் பின்னால் காற்று வந்தது, ஆள் வரவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் பழைய இடத்தில் தேடிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான். பெரில் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது ஒன்றுதான் அந்த இடத்தின் வசதி.

சந்தை நாள் காலையில் திறப்பு விழா. திரைத்துணி விழுந்தது, கைதட்டினார்கள். பீடத்தில் பொறித்திருந்ததைப் பெம்பர்டன் குரல் தழுதழுக்க வாசித்தார்: "ஒன்பது மணி அடிக்கும்போது எவர் துணி விரித்திருக்கிறாரோ, அன்றைக்கு அந்த இடம் அவருடையது."

"ராஜா காலத்து வழக்கம். இன்னிக்கும் நம்ம சட்டம் இதுதான்!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெரில் மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாகப் போகிறது. கீழே கிடந்த திரைத்துணியை இழுத்துச் சிலையின் காலடியில் விரித்தாள். கடைக்குப் போகும் வழியில் தள்ளிக்கொண்டு வந்திருந்த வண்டியிலிருந்து ஜட்டிகளை அப்படியே அதில் கொட்டினாள். மணி அடித்தது.

எல்லாரும் சந்தை மேற்பார்வையாளர் நோரிஸைப் பார்த்தார்கள். அவர் பீடத்தை இன்னொரு முறை படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "கல்லுலயே வெட்டி வச்சுட்டீங்களே சார். நான் என்ன பண்றது?"

"மிஸஸ் ஓல்ட்ராய்டு! நாங்க இங்க சந்தையைக் கொண்டாடிக்கிட்டிருக்கோம்!"

"கொண்டாடுங்க கண்ணு, யாரு வேணாம்னா? கொஞ்சம் தள்ளி நின்னு கொண்டாடுங்க. பஸ் வருது."