மங்கை அக்கா வாங்கிய ஜாக்கி

நான் குடியிருக்கும் எட்மண்டன் நகரத்தில் அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை காலையில் வெளியே வந்து பார்த்தால், தெருவே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வீட்டு வாசலுக்கு ஒரு கார், காருக்கு ஒரு சக்கரம் அந்தரத்தில், அதன் பக்கத்தில் மண்டியிட்டபடி ஒரு பல் டாக்டரோ பள்ளிக்கூட ஆசிரியையோ. கனடாவில் பனிக்காலத்துக்கென்று தனி டயர் மாட்டியாக வேண்டும். கடையில் முறை கிடைப்பதற்குள் பாதிப் பனிக்காலம் முடிந்துவிடும் என்பதால் அவரவர் வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். வந்த புதிதில் இந்தக் காட்சி எனக்குப் பெரிய வியப்பு. எங்கள் ஜெயங்கொண்டத்தில் சொந்தக் காரின் சக்கரத்தைத் தானே கழற்றுகிறவர் என்றால், அவருக்கு வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த முதல் வருடம் நான் டயர்களை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வால்டர் வேலியோரம் வந்து, "டூ யூ ஹாவ் எ ஜாக்?" என்று கேட்டார். "இல்லை, நானும் மனைவியும் மகளும் மட்டும்தான் இருக்கிறோம்" என்று பணிவோடு பதில் சொன்னேன். வால்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் வீட்டிலிருந்து சக்கரம் வைத்த ஒரு கனமான இரும்புக் கருவியை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் விசாரித்தது ஆளை அல்ல, நம் ஊரில் ஜாக்கி என்கிறோமே, அதை.

அடுத்த வருடம் ரோஷத்தோடு நானே ஒன்று வாங்கினேன். இருப்பதிலேயே விலை குறைந்தது, பார்க்க அழகான சிவப்பு. காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினால், கார் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எருமை தண்ணீருக்குள் இறங்குமே, அந்த நிதானம். வால்டர் வந்து பார்த்து, "ஹ்ம்" என்றார். கனடாக்காரர்கள் வாயிலிருந்து வரும் கடைசிக் கட்டத் திட்டு அதுதான். அன்றைக்குத்தான் ஜாக்கி வாங்குவதில் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதன் தலை நம் காருக்கு அடியில் நுழையும் அளவுக்குத் தாழுமா, தூக்கிய இடத்தில் அப்படியே நிற்குமா, இறக்கும்போது மெல்ல இறங்குமா, எண்ணெய் கசிகிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். அதற்கும் மேலாக, ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்குத் தனியாக இரும்பு ஸ்டாண்டு வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் மங்கை அக்கா போனில் கூப்பிட்டாள். அக்கா ஆண்டிமடம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஜெயங்கொண்டத்திலிருந்து தினமும் தன் காரில் முந்திரித் தோப்புகளைத் தாண்டிப் போய் வருகிறாள். முன் சக்கரத்தில் கொஞ்ச நாளாகக் கீச்சென்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் பிரேக்கை மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. இன்னொரு பட்டறையில் வேறெதையோ மாற்றினார்கள், சத்தம் கூடியது.

"நானே கழட்டிப் பாக்கலாம்னு இருக்கேன்டா. நீ அங்க உருட்டிக்கிட்டு வருவியே, அது மாதிரி ஒண்ணு எனக்கு வேணும்."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. மாமா, அதாவது அக்காவின் கணவர், முந்திரி வியாபாரி. ஊர் என்ன சொல்லும் என்பதில் மிகுந்த அக்கறை உள்ளவர். "நர்சம்மா நடுவாசல்ல காருக்கு அடியில படுத்திருந்தா ஊரு சிரிக்கும்னு சொல்லு மாப்ள."

"சிரிச்சுட்டுப் போவட்டும். ஊசி போட வரப்ப எங்கிட்டதான வரணும்" என்றாள் அக்கா.

ஊருக்குப் போனதும் மூவருமாக அவள் காரிலேயே பெரம்பலூருக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலை ஓரம் என்பதால் அங்கே லாரி சாமான் கடைகள் அதிகம். அரியலூரைத் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னும் பின்னும் ஓடி எங்கள் காருக்கு வெள்ளையடித்தன. சத்தத்தை எனக்குக் கேட்கவைக்க அக்கா அடிக்கடி பிரேக் போட்டாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

கடையில் நான் முந்திக்கொண்டு, "ஃப்ளோர் ஜாக் இருக்கா?" என்றேன்.

"ஃப்ளோருக்கா? டைல்ஸ் கடை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்றார் கடைக்காரர்.

பதினைந்து வருடம் வெளிநாட்டில் இருந்தவன் சொந்த ஊர்ப்பக்கத்திலேயே வழிகேட்டு நிற்பவனாகிவிட்டேன். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "சக்கரம் வெச்ச ஜாக்கிங்க. கார் தூக்குறது" என்றாள்.

"ட்ராலி ஜாக்கின்னு சொல்லுங்க! எந்த ஒர்க்‌ஷாப்புக்கு சார்?" அவர் மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"வூட்டுக்கு" என்றாள் அக்கா.

"வூட்டுக்கு எதுக்குங்க சார் இதெல்லாம்?" இதையும் மாமாவிடமே கேட்டார். "அதத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மாமா, ஒரு கூட்டாளி கிடைத்த மகிழ்ச்சியில்.

கடைக்காரர் ஒன்றை உருட்டி வந்து, லாரியையே தூக்கும் என்றார். நான் கனடாவில் என்னென்ன பார்ப்போம் என்று விளக்க ஆரம்பித்தேன். அக்கா காது கொடுக்கவில்லை. கடை வாசலில் நின்ற தன் காரை அதைவைத்தே தூக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து பிளாஸ்திரியைக் கிழித்து, பம்பரின் உயரத்துக்குச் சரியாகக் கடைத் தூணில் ஒட்டினாள். "வாங்க, டீ குடிச்சுட்டு வருவோம்" என்றாள். திரும்பி வந்தபோது பம்பர் பிளாஸ்திரிக்குக் கீழே இருந்தது.

"ஒரு வெரல்தானே மேடம்" என்றார் கடைக்காரர். இப்போதுதான் அவர் அவளிடம் பேசினார்.

"அடியில நீங்க படுப்பீங்களா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துவந்தார். அதற்கும் அதே சோதனை, இன்னொரு டீ. மாமாவுக்கு அன்று டீக்குக் குறைவில்லை. இரண்டாவது ஜாக்கி பிளாஸ்திரியை விட்டு அசையவில்லை. அக்கா உடனே கிளம்பத் தயாரானாள். ஸ்டாண்டுகள் இல்லாமல் நகரமாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். "கனடா போயி பயந்தாங்கொள்ளி ஆயிட்டான்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, எனக்காக அவற்றையும் வாங்கினாள்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் வேலை ஆரம்பமானது. வாசல் முழுக்கச் சிமென்ட் கல் பதித்தது. பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். வீட்டில் அகலமான பலகை ஒன்றுதான் கிடைத்தது. அதைப் போட்டு அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தினேன். காரைத் தூக்கிய ஜாக்கியையும் இறக்காமல் துணைக்கு விட்டுவைத்தோம். சக்கரத்தைக் கழற்றியதும் அக்கா புடவைக்குமேல் என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு உள்ளே நகர்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாமா தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வாசற்கதவில் சாய்ந்து பேப்பர் படித்தார்.

திடீரென்று ஜாக்கிக்கு அடியிலிருந்த சிமென்ட் கல் உடைந்து மண்ணில் இறங்கியது. ஜாக்கி கோணிக்கொண்டு நழுவ, கார் டொக்கென்று இறங்கி ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்தது. பேப்பர் காற்றில் பறந்தது. மாமா பாய்ந்து அக்காவின் இரண்டு கால்களையும் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே இழுத்தார்.

அக்காவின் முகமெல்லாம் வெள்ளைத் தூசி. ஒரு கீறல்கூட இல்லை. "ஒண்ணும் ஆவலைங்க. காலை விடுங்க, தெருவுல எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். மாமா விடவில்லை. நான் ஸ்டாண்டைப் பார்த்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ அடம்புடிச்சது நல்லதாப் போச்சுடா" என்றாள். அவள் என்னைப் பாராட்டி நான் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மாமா எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தால், குடோனிலிருந்து முந்திரி மூட்டை அடுக்கும் பெரிய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து ஜாக்கிக்கு அடியில் தானே போட்டார். பிறகு, மறுபடி காருக்கு அடியில் நகர்ந்த அக்காவின் காலருகே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். ஊர் பார்த்தது. அவர் ஊரைப் பார்க்கவில்லை.

சத்தத்துக்குக் காரணம் சீக்கிரமே கிடைத்தது. பிரேக் தட்டுக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு, நிலக்கடலை அளவுதான் இருக்கும். அக்கா அதை ஊசியால் முள் எடுப்பதுபோல் நெம்பி எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் எட்மண்டன் திரும்பிவிட்டேன். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது, கோடைக்கால டயர்களை மாட்டி முடிக்கும் நேரத்தில் அக்கா வீடியோவில் வந்தாள். அங்கே ஞாயிறு விடிந்துகொண்டிருந்தது. அவள் காருக்கு அடியில் படுத்திருந்தாள். டார்ச் பிடிக்கும் கை மாமாவுடையது.

"டிரைவர் பக்கம் ஒரு ரப்பர் கிழிஞ்சிருக்கு. உன் வண்டியில எப்டி இருக்குன்னு காட்டு."

நான் போனோடு என் காரின் ஓரத்தில் படுத்துக் காட்டினேன். "இது இல்லடா, அந்தப் பக்கம்" என்றாள் அவள். "டிரைவர் பக்கம்னுதானே சொன்ன?" என்றேன். இரண்டு பேருமே சரியாகத்தான் சொன்னோம். எனக்கு டிரைவர் இடப்பக்கம், அவளுக்கு வலப்பக்கம். மாமா சிரித்த சிரிப்பில் டார்ச் வெளிச்சம் ஆடியது. அவர்கள் போன பிறகு எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, காரை ஷெட்டுக்குள் விடலாம் என்று வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருந்தது. இறங்கிச் சுற்றிப்போக வேண்டும் என்று தெரிந்தும், யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள் என்பதுபோலக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.