நான் சாகடித்த வாக்காளர்

தொண்ணூறுகளில் பெங்களூரில், வாக்காளர் பட்டியல் அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு புகார் வந்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரிபார்ப்புக்காக நீலசந்திராவில் வீடு வீடாகப் போனபோது ஒரு வீடு பூட்டியிருந்தது. அரசாங்க வேலை என்ற மிதப்பில் பக்கத்து வீட்டம்மாவிடம் கன்னடத்தில் விசாரித்தேன். அரசாங்க ஆள் என்ற மரியாதையில் அவரும் கன்னடத்தில் "ஹோக்பிட்ரு" என்றார். இருவருக்கும் தாய்மொழி தமிழ். அந்தச் சொல்லுக்குப் போய்விட்டார் என்றும் பொருள், காலமானார் என்றும் பொருள். நான் துக்கமான பொருளை எடுத்துக்கொண்டு பெயரை அடித்துவிட்டேன்.

அடுத்த மாதம் இறந்தவர், ஒரு அம்மா, நேரில் அலுவலகத்துக்கே வந்தார். மகள் பிரசவத்துக்கு ஆம்பூர் போயிருந்தாராம்.

"பக்கத்து வூட்ல எல்லாம் சொன்னா. என்னைச் சாவடிச்சது நீதானாப்பா? காரியத்துக்கு வடை பாயசமாவது போட்டியா?"

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. விஷயத்தைக் கேட்டறிந்து, உங்கள் வீட்டுக்கு வந்த குமாஸ்தா யார் என்று அவரிடமே கன்னடத்தில் கேட்டார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நல்ல கன்னடத்தில், "செத்துப்போனவளுக்கு அதெல்லாம் எப்படி சார் தெரியும்?" என்றார். அதிகாரி சிரித்தபடி உள்ளே போய்விட்டார்.

பெயர் சேர்க்கும் படிவத்தை நானே என் அழகான கையெழுத்தில் நிரப்பினேன்.

"வயசக் கொஞ்சம் கொறச்சுப் போடு. புதுசாப் பொறந்திருக்கேன் இல்ல?"

அதை மட்டும் செய்யவில்லை. பிறகு வேலை நிரந்தரமானது, கல்யாணமும் ஆனது. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல மட்டும் அன்று வாய் வரவில்லை, எந்த மொழியிலும்.